கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் இல்லக் கைவேலைகள்

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்திருந்த பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் காலத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளும் தையல், பலகாரம், கோலம், தோரணம், பூத்தொடுப்பு முதலியவை இல்லக் கைவேலைகள். காசு போதாத காலத்தில் இவை தேவைக்காகப் பிறந்தன. ஆயத்த ஆடையும் பாக்கெட் பலகாரமும் மலிந்த பிறகும் மறையாமல் இருப்பதற்குக் காரணம் தீபாவளி, பொங்கல், தைப்பூசம் என்று வரிசையாக வரும் விழாக்களே. வறுமை கற்றுக்கொடுத்ததைப் பண்டிகைகள் காப்பாற்றி வந்திருக்கின்றன.

தோட்டமும் ரயில்வே குடியிருப்பும்

இப்பகுதியின் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்தவை. ஒன்று தோட்டம். 1901-இல் சுவெட்டன்ஹம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறக்கப்பட்ட காலத்தையொட்டிச் சிலாங்கூரில் ரப்பர் பயிர் பரவியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தோட்டத்து லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். மற்றொன்று ரயில்வே. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் எழுந்தபோது, தமிழகத் தொழிலாளர்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் அங்கே குடும்பம் நடத்தினார்கள்.

லயத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பிரட்டு எனும் வேலைப் பெயர்ப்பதிவுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் இருக்கும். அங்கே உத்தரத்திலிருந்து வரிசையாகப் புடவைத் தூளிகள் தொங்கும்; வயதான ஆயா ஒருவர் ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். பத்துப் பள்ளி வயதுப் பிள்ளைகளாவது உள்ள தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அந்தப் பள்ளிக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையையோ பெரும்பாலும் அம்மாதான் தைக்க வேண்டியிருந்தது. கோதுமை மாவு வந்த துணிப்பைகளைச் சோடாக்காரத்தில் ஊறவைத்து, எழுத்துச் சாயம் போகத் துவைத்து, உள்ளாடையும் தலையணை உறையுமாக மாற்றினார்கள். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை துணியே கிடைக்கவில்லை. சாக்குத்துணி உடுத்தி, மரவள்ளிக்கிழங்கைச் சோறாக உண்ட அந்த மூன்றரை ஆண்டுகளின் சிக்கனம் அடுத்த தலைமுறை வரை நீடித்தது. பழைய சேலையை எறியாமல் மடித்துவைக்கும் பாட்டிகள் இன்றும் பலர்.

தையல்

சிங்கர் நிறுவனம் 1850-களிலேயே தவணை முறையில் தையல் மெசின் விற்கத் தொடங்கியது. சிறு சம்பளக்காரர் வீட்டுக்குள்ளும் மெசின் வந்துசேர வழிசெய்தது அந்தத் தவணைதான். கால்மிதி மெசின் ஒன்று இருந்தால் அண்டை வீட்டாரின் ரவிக்கைகளும் அங்கே வந்துவிடும். ரவிக்கைக் கூலியில் மாதத் தவணை அடைந்துவிடும்.

இளங்குடும்பங்கள் முதலில் தைக்கப் பழகுவது சிறுமியின் பாவாடை. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. வெட்டெல்லாம் நேர்க்கோடு, தவறினாலும் பிரித்துத் தைக்கலாம். ஐந்தரை மீட்டர் பட்டுச்சேலை ஒன்றில் சிறு பிள்ளைக்குப் பாவாடையும் சட்டையும் வெட்டிய பிறகும் துணி மிஞ்சும். சேலையின் கரையே பாவாடையின் அடிக்கரை ஆகிறது. ஓரம் அடிக்கும் வேலை மிச்சம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 60 சென்டிமீட்டர் இருந்தால் துணியை 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டுவார்கள். கூடுதலான 20 சென்டிமீட்டரில் இடுப்புப் பட்டியின் மடிப்புக்கு நான்கைந்து போக, மீதியைக் கரைக்குச் சற்று மேலே இரண்டு மூன்று டக்குகளாக (மடிப்புகளாக) பிடித்துத் தைத்துவிடுவார்கள். பிள்ளை வளர வளர ஆண்டுக்கு ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் போதும். மூன்று தீபாவளிக்கு ஒரே பாவாடை உதவும். டக்கை நெருக்கமான தையலாகப் போடாமல் நீளத் தையலாகப் போடுவது அனுபவசாலிகளின் வழக்கம். பிரிக்கும்போது பட்டு கிழியாது, ஊசித்தடமும் அதிகம் தெரியாது. இடுப்பில் நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் கோப்பவர்கள், இடுப்பளவைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைத்து வெட்டுகிறார்கள்.

பள்ளிச் சீருடையிலும் இதே கணக்குதான். தொடக்கப்பள்ளிச் சிறுமியின் கருநீலப் பினஃபோரையும் சிறுவனின் நீலக் காற்சட்டையையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கி, உள்ளே மடித்துக் கையால் ஓரம் தைத்துக் கொடுப்பார்கள். அண்ணன் சட்டை தம்பிக்கு வரும்போது மாற்ற வேண்டியது பொத்தானும் காலரும் மட்டுமே. நைந்த காலரைப் பிரித்து உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கும் வேலை இன்று அருகிவிட்டது. கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். ஒரு சட்டைக்கு இன்னோர் ஆண்டு ஆயுள் கூடுகிறது.

ஆயாக்கொட்டகைத் தூளி இன்று ஸ்பிரிங் தொட்டிலாக மாறியிருக்கிறது. உத்தரத்திலோ இரும்புத் தாங்கியிலோ கனத்த ஸ்பிரிங்கை மாட்டி, அதன் கொக்கியில் பாத்தேக் சாரோங்கைக் கோத்துவிடுவது மலாய்க் குடும்பங்களுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பொதுவான ஏற்பாடு. சாரோங்கின் மூட்டுத் தையலை இரட்டைத் தையலாக உறுதிப்படுத்துவதும், குழந்தை தானாகப் புரண்டு உட்காரத் தொடங்கியதும் தொட்டிலை நிறுத்திவிடுவதும் கட்டாயம்.

அடுப்படி

தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே பலகார வேலை தொடங்கிவிடும். முதலில் முறுக்கு. நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு என்பது பொதுக் கணக்கு. ஓமமோ சீரகமோ சேரும். தமிழகத்தில் வெந்நீர் ஊற்றும் இடத்தில் இங்கே பல வீடுகளில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைகிறார்கள். சந்தையில் உடனுக்குடன் துருவிப் பிழிந்து தருவதால் வந்த வசதி இது. கொழுப்பு கூடினால் முறுக்கு எண்ணெயில் கரையும், குறைந்தால் கல்லாகும். ஒரு துளி மாவை எண்ணெயில் போட்டு, அது உடனே மேலெழுந்தால் பிழியலாம். சத்தம் அடங்கும் வரை வேகவைத்து எடுத்து, முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் ஆவி இறங்கி நமத்துப்போகும். காலியான மைலோ டின்களும் பிஸ்கட் டின்களும் இதற்காகவே ஆண்டு முழுக்கச் சேர்த்துவைக்கப்படுகின்றன.

நெய் உருண்டை இப்பகுதி வீடுகளின் தனி அடையாளம். பாசிப்பயற்றை மணம் வரும்வரை வறுத்து, மில்லில் நைசாக அரைத்து, பொடித்த சீனியும் வறுத்த முந்திரியும் கலந்து, காய்ச்சிய நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சூடு ஆறுமுன் பிடிக்க வேண்டும். ஆறினால் உதிரும். எனவே ஒருவர் நெய் ஊற்ற, இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து பிடிப்பார்கள். செட்டிநாட்டு மாவுருண்டையும் யாழ்ப்பாணத்துப் பயற்றம் உருண்டையும் இதன் உறவுகளே. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடத்தில் மூன்றும் ஒரே தெருவில் பிடிக்கப்பட்டன. அச்சு முறுக்கும் அப்படித்தான். மலாய்க்காரரின் நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் கிறிஸ்துமஸிலும் அதே பலகாரம் வேறு பெயர்களில் தட்டில் இருக்கும்.

அண்டை வீட்டு அடுப்படியிலிருந்து வந்தவையும் குறைவில்லை. சூஜி பிஸ்கட்டில் நெய் ஒரு பங்குக்கு மாவு ஏறக்குறைய இரண்டு பங்கு, தண்ணீரே சேர்ப்பதில்லை. கறிபஃப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்து மடித்து முறுக்கும் அதே விரல்தான் சோமாசியின் ஓரத்தையும் அடைக்கிறது. நெத்திலி சம்பலும் பண்டான் இலை போட்ட தேங்காய்ப்பால் சோறும் காலை உணவாகிவிட்டன. முந்தைய நாள் மிஞ்சிய சாடின் குழம்பை வற்றவைத்து ரொட்டிக்கு நடுவே வைத்துப் பள்ளிக்கு அனுப்பாத வீடு அரிது.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஏற்றது தேங்காய் மிட்டாய். துருவிய தேங்காய், சீனி, பால், கொஞ்சம் வெண்ணெய் ஆகியவற்றை வாணலியில் ஒட்டாமல் திரளும்வரை கிண்டுவது பெரியவர்கள் பொறுப்பு. பாகு சூடு கடுமையானது. பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது. தட்டில் கொட்டி வெதுவெதுப்பானதும் கோடு போட்டு வெட்டுவது பிள்ளைகள் வேலை. இளஞ்சிவப்பும் பச்சையும் எந்தத் தட்டுக்கு என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களுக்கே கிடைக்கிறது.

பண்டிகையன்று வீட்டைத் திறந்துவைத்து விருந்தளிக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு எல்லா இனத்தவரும் வருவார்கள். முஸ்லிம் நண்பர்களும் தயக்கமின்றிச் சாப்பிட ஹலால் முத்திரை உள்ள பொருள்களையே பல வீடுகள் வாங்குகின்றன. நல்ல அண்டைவீட்டுப் பழக்கம் அது.

கைக்குழந்தைக்கான உணவில் பழைய முறைகள் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு வயது முடியும்வரை தேன் கொடுப்பது ஆபத்து. சில கிராமத்துப் பழக்கங்கள் இதற்கு நேர்மாறானவை. ஆறு மாதத்துக்குப் பின் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் காய்ச்சும் கஞ்சியும், குழையவிட்ட பருப்புச் சோறும் இன்றும் சிறந்தவை.

வாசல்

தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது லயத்து மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் 1995-இலிருந்து புத்ராஜெயா கட்டப்பட்டது. மண்வாசல் போய்ச் சிமெந்து நடைபாதை வந்தது. மாவுக்கோலம் காலடியில் கலைந்துவிடும் இடத்தில் சாயமேற்றிய அரிசிக்கோலம் பரவியது. அரிசியில் சில துளி உணவுச் சாயத்தைச் சிறிது நீரில் கரைத்துப் பிசறி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்தினால் போதும். சாக்கட்டியால் மயில், தாமரை என்று வரைந்துகொண்டு நிறம் நிறமாக நிரப்பலாம். நகரத்துப் பேரங்காடிகளின் முகப்பில் தீபாவளிக்குப் போடப்படும் பெரிய கோலங்களும் இதே முறையில் உருவாகின்றன.

பூத்தொடுப்பைப் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளின் முன் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம். இரண்டு மல்லிகைக் காம்புகள் ஒருபுறம், இரண்டு மறுபுறம், நூலை விரலில் சுற்றி ஓர் இழுப்பு. கேமரன் மலையிலிருந்து வரும் சாமந்தியை ஊசியால் கோப்பது தொடங்குபவருக்கு எளிது. குருத்தோலையில் தோரணம் பின்னும் கைகள் குறைந்து வருகின்றன. மலாய்க்காரர்கள் அரிசியை வேகவைக்கும் கெத்துபாட் கூடு பின்னுவதும் அதே குருத்தோலையில்தான் என்பதால் பொருள் சந்தையில் கிடைக்கிறது. கற்றுத்தரும் பெரியவர்கள் இருக்கும்போதே கற்றுவிட வேண்டும்.

கற்ற இடங்கள்

பெரும்பாலோர் அம்மாவிடமும் மாமியாரிடமும் கற்றார்கள். அமைப்புகளின் பங்கும் உண்டு. 1952-இல் அன்றைய பிரிட்டிஷ் உயர் ஆணையரின் மனைவி லேடி டெம்ப்ளரின் முயற்சியில் பரவிய மாதர் சங்கங்கள் சிற்றூர்களில் தையலும் சமையலும் கற்பித்தன. 1913-இல் தோன்றிய கோலாலம்பூர் ஒய்.டபிள்யூ.சி.ஏ., வசதி குறைந்த குடும்பத்துப் பெண்களுக்குத் தொழில்பயிற்சி அளித்து வருகிறது. துணிக்கு மஸ்ஜித் இந்தியா, மசாலைக்கும் ஆடைக்கும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா, முறுக்கு அச்சுக்கும் பூவுக்கும் பிரிக்பீல்ட்ஸ் என்று கடைத்தெருக்கள் பிரிந்திருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் குட்டி இந்தியா 2010 அக்டோபர் 27 அன்று மலேசிய, இந்தியப் பிரதமர்களால் திறக்கப்பட்டது.

வீட்டுத் தொழில்

கோவிட் தொற்றால் 2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பழைய மெசின்கள் தூசி தட்டப்பட்டன. துணி முகக்கவசம் தைத்தவர்களும் வாட்ஸ்ஆப்பில் பலகார ஆர்டர் எடுத்தவர்களும் அதைத் தொழிலாகவே தொடர்ந்தார்கள். இந்தியப் பெண் தொழில்முனைவோருக்காக சிறுகடன் வழங்கும் அமானா இக்தியார் அமைப்பின் ‘பெண்’ கடனுதவித் திட்டம் 2024-இல் 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் வந்தது. உணவு விற்பவர்கள் 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு கையாளுவோர் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். தையலுக்கு இவை தேவையில்லை. ஆகவே கைக்குழந்தையோடு வீட்டிலிருக்கும் தாய்க்கு, தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே தையற்கடைகள் ஆர்டரை நிறுத்திவிடும் வேளையில் வந்துசேரும் ரவிக்கைத் துணிகளே எளிதான தொடக்கம்.