இரண்டாவது குரல்



கீழ்ப்படிதலை நற்பண்பென்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். பெரியவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்பது நம் கோவிலூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நல்ல குடும்பத்தின் அடையாளமாகவே எண்ணப்படுகிறது. வீட்டில் அப்பத்தா, பள்ளியில் ஆசிரியர், கடையில் முதலாளி, அலுவலகத்தில் மேலதிகாரி, ஆலயத்தில் போதகர் என்று நாம் செவிகொடுக்க வேண்டியவர்களின் வரிசை நீண்டது. அந்த வரிசையின்றி ஊர் நடவாது. ஆயினும், அதே நற்பண்பு தீமைக்கு ஊழியம் செய்த ஒரு நாளை, நம் தமிழ்நாட்டின் வரலாற்றிலிருந்து இவ்வாரம் நினைவுகூர விரும்புகிறேன்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில், வாச்சாத்தி என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர் உள்ளது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக்கட்டைகளைத் தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் பெருங்கூட்டமாக அவ்வூருக்குள் நுழைந்தனர். ஊரார் ஆலமரத்தடிக்கு இழுத்துவரப்பட்டு அடிக்கப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, குடிநீர்க் கிணறும் பாழாக்கப்பட்டது. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த்துறையினர் 5 பேர். சரியாக 12 ஆண்டுகளுக்குப் பின், 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது.

பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு எந்த மேலதிகாரியின் சொல்லும் சாக்காகாது. அது செய்தவரின் சொந்தப் பாவம். ஆனால் உடைத்தவர்களும், ஏற்றிச்சென்றவர்களும், பார்த்துக்கொண்டு நின்றவர்களும்? அவர்கள் கொள்ளைக்கூட்டத்தார் அல்லர். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அரசு ஊழியர்கள். இத்தனை பேர் ஒருசேர எப்படி மனச்சாட்சியை வாசலில் விட்டுச் சென்றார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

இக்கேள்வியை ஆய்வுக்கூடத்தில் கேட்டவர் ஸ்டான்லி மில்கிராம் என்னும் அமெரிக்க உளவியலாளர். யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மன், தான் கட்டளையை நிறைவேற்றியவன் மாத்திரமே என்று எருசலேம் நீதிமன்றத்தில் வாதிட்ட அதே 1961ஆம் ஆண்டில், யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தம் சோதனைகளைத் தொடங்கினார். நாளிதழ் விளம்பரத்தைக் கண்டு வந்த சாதாரண மனிதர்கள் ‘ஆசிரியர்’ இடத்தில் அமர்த்தப்பட்டனர். அடுத்த அறையிலுள்ள ‘மாணவர்’ தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி தர வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு தவற்றுக்கும் 15 வோல்ட் கூட்டி, 450 வரை செல்ல வேண்டும். உண்மையில் மின்சாரம் எதுவும் பாயவில்லை; ‘மாணவர்’ நடித்தவரே. அது ‘ஆசிரியருக்கு’த் தெரியாது. அவர் தயங்கினால், அருகிலிருந்த ஆய்வாளர் தொடரும்படி அமைதியாகச் சொல்வார், அவ்வளவுதான்.

முதற்சோதனையில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சென்றனர். அவர்கள் மகிழ்ந்து செய்யவில்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், நிறுத்தலாமா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, அடுத்த விசையை அழுத்தினார்கள்.

காரணங்களுள் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, படிகள் சிறியவை. 15 வோல்ட்டைக் கொடுத்தவருக்கு 30ஐ மறுக்கக் காரணம் தோன்றுவதில்லை. 285ஐக் கொடுத்தவர் 300இல் நின்றால், அதுவரை செய்ததும் தவறு என்று ஒப்புக்கொள்ள நேரும். இரண்டாவது, நோக்கம் நல்லதாகத் தோன்றியது. அவர்கள் கண்மூடிப் பணிந்தவர்கள் அல்லர், அறிவியலுக்கு உதவுவதாக நம்பியவர்கள் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். வாச்சாத்தியிலும் பெயரளவில் நோக்கம் நியாயமானதே. காட்டின் சந்தனத்தைக் காப்பது வனத்துறையின் கடமையல்லவா? நல்ல நோக்கத்தின் நிழலில் தீமை தன் முகத்தை எளிதில் மறைத்துக்கொள்கிறது.

பிரியமானவர்களே, மில்கிராம் இதோடு நிற்கவில்லை. மற்றொரு சோதனையில் ‘ஆசிரியருக்கு’ அருகே மேலும் இருவரை அமர்த்தினார். அவ்விருவரும் முன்னேற்பாட்டின்படி, ஒருவர்பின் ஒருவராக, இனித் தொடரமாட்டோம் என்று எழுந்துவிட்டனர். அப்போது 40 பேரில் 4 பேர் மாத்திரமே கடைசி வரை சென்றனர். ஆய்வாளரும் விசைப்பலகையும் மாறவில்லை. மறுக்கலாம் என்பதைக் கண்ணால் கண்டார்கள், அதுவே வேறுபாடு.

இது ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடப்பதன்று. உப்புச் சத்தியாகிரக நாட்களில், 1930 ஏப்ரல் 23 அன்று, பெஷாவர் நகரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில், கான் அப்துல் கஃபார் கான் கைதானதை எதிர்த்து நிராயுதபாணிகளான மக்கள் திரண்டனர். அவர்கள்மேல் சுடும்படி கர்வால் படைப்பிரிவின் வீரர்களுக்குக் கட்டளை பிறந்தது. சந்திரசிங் கர்வாலி மறுத்தார். அவர் மட்டுமல்லர், அவருடைய தோழர்களும் சேர்ந்து மறுத்தனர். இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள்தண்டனை விதித்தது. தோழர்கள் பலரும் சிறை சென்றனர். அன்று அந்நகரில் வேறு துருப்புகள் சுட்டதில் பலர் மாண்டனர் என்பதும் வரலாறே. மறுப்பு எல்லாத் தீமையையும் தடுத்துவிடுவதில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கிகளிலிருந்து தோட்டா புறப்படவில்லை.

யாத்திராகமத்தில் பார்வோனின் கட்டளைக்கு உடன்படாத மருத்துவச்சிகளை வேதம் பெயர்சொல்லி நினைவுகூருகிறது: சிப்பிராள், பூவாள். அவர்கள் இருவர் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பார்வோனின் பெயரை அப்பகுதி குறிப்பிடவில்லை; அந்த இரு பெண்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய ரோமர் நிருபம் போதிக்கிறது. மனிதரைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டிய வேளையும் உண்டென்று அப்போஸ்தலர் நடபடிகள் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதே முழு வேதத்தையும் வாசிப்பதாகும்.

நம்மில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கியேந்தும் வேளை வராது. பொய்க்கணக்கில் கையொப்பமிடச் சொல்லும் முதலாளி வரலாம். ஏழை ஒருவரின் மனுவை ஒதுக்கிவைக்கச் சொல்லும் மேலதிகாரி வரலாம். ஒரு குடும்பத்தோடு பேசாதிருக்கும்படி ஊரோ உறவோ கட்டளையிடலாம். முதற்படி சிறியதாகவே இருக்கும், அங்கேயே நில்லுங்கள். உங்களுக்கு முன்னரே ஒருவர் தனியாக எழுந்து மறுத்தால், அவரை வேடிக்கை பார்க்காமல் அருகே சென்று நில்லுங்கள். முதற்குரலுக்கு வேண்டிய துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டாவது குரலாயிருப்பது நம் அனைவருக்கும் கூடியதே. பலிபீடத்தருகே நின்று நான் சொல்வதையும் இதே அளவுகோலால் அளந்து பாருங்கள்.

அதற்கான தெளிவையும் துணையையும் கர்த்தர் உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.