விழாவும் நிழற்படமும்



லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் ஒரு பெண்ணின் 15ஆம் பிறந்தநாள் பெருவிழாவாகக் கொண்டாடப்படுகின்றது. ஸ்பானிய மொழியில் ‘கின்சே’ என்றால் பதினைந்து. ‘ஆஞோ’ என்றால் ஆண்டு. ஆதலின் அவ்வயதை எய்தியவளைக் ‘கின்சியாஞேரா’ என்பர். இவ்விழா உடலின் பருவத்தை நோக்கி எடுக்கப்படுவதன்று. ஆண்டை எண்ணி எடுக்கப்படுவது. தேவாலய வழிபாடும், தந்தையோடு ஆடும் வால்ஸ் நடனமும், குதியுயர்ந்த காலணியை முதன்முதல் அணிவித்தலும் மெக்சிக்கோவில் இதன் முக்கிய அங்கங்களாகும்.

இதன் தோற்றம் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. அஸ்டெக் பெற்றோர் வளர்ந்த மகளுக்குக் கூறிய அறிவுரைகளைப் பேர்னார்டினோ டி சஹகூன் என்னும் துறவியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். சிலர் அங்கே இதன் வேரைக் காண்பர். நடனமும் நீண்ட அங்கியுமோ ஐரோப்பாவிலிருந்து வந்தவை.

இவ்விழாவோடு நிழற்படம் எவ்வாறு பிணைந்தது என்பதைக் கியூபாவின் வரலாறு நன்கு காட்டும். டாகேர் கண்ட நிழற்பட முறை 1839இல் பாரிஸில் வெளியிடப்பட்டது. 1841இலேயே ஹவானா நகரில் படக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. எனினும் படம் நெடுங்காலம் வசதி படைத்தோர் உடைமையாகவே இருந்தது. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னர், செல்வர் வீட்டுப் பெண்களின் பதினைந்தாம் ஆண்டு விழாப் படங்கள் செய்தித்தாள்களின் சமூகப் பக்கங்களை அலங்கரித்தன. புரட்சி அச்செல்வரின் வாழ்வை மாற்றியது, விழாவையோ அழிக்கவில்லை. எளியோரும் தம் மகளிருக்கு அதனை எடுக்கலாயினர்.

1991இல் சோவியத் ஒன்றியம் குலைந்தபோது கியூபாவில் உணவும் எரிபொருளும் அருகின. மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டது. விருந்து வைப்பது பலருக்கு இயலாததாயிற்று. ஆனால் படம் எடுக்கலாமல்லவா? இவ்வாறு, விழாவின் நினைவாக இருந்த நிழற்படம் பல குடும்பங்களுக்கு விழாவின் நடுப்பொருளாயிற்று. படப்பிடிப்பாளர் தம் இல்லத்திலேயே அங்கிகளையும் விசிறிகளையும் முடிகளையும் வாடகைக்கு வைத்திருப்பர். பெண் ஒரே நாளில் பல உடைகள் மாற்றி, பழைய ஹவானாவின் கற்றெருக்களிலும் தேவாலயச் சதுக்கத்திலும் நின்று படமெடுத்துக்கொள்வாள். பெரிதாக்கிய படம் வீட்டுச் சுவரில் தொங்கும். மயாமியிலிருந்து பணம் அனுப்பிய உறவினருக்கும் ஒரு பிரதி கடல் கடந்து செல்லும்.

இரவல் ஆடையில் இல்லாத செல்வத்தைக் காட்டுவது வீண் பெருமையன்றோ என்று வினவுவோர் உளர். அச்செலவுக்காகப் பெற்றோர் பல்லாண்டு வயிற்றைக் கட்டிச் சேமிப்பதும் மெய்யே. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. உண்ட விருந்து அன்றிரவோடு கழிந்துவிடும். மகள் மணமாகியோ நாடு கடந்தோ பிரிந்து சென்ற பின்னர், தாயின் கண்முன் எஞ்சி நிற்பது அச்சுவர்ப் படமே. இல்லாமையின் நடுவிலும் தம் மகளை ஒருநாள் அரசியாகக் காண விரும்பிய பெற்றோரின் அன்புக்கு அது சான்றாகும். அரசாணைகளை மட்டும் கற்று அக்காலத்தை எழுதப் புகுவோர் இப்படங்களையும் எடுத்துப் பார்ப்பாராக.