தாணேயில் படகு ஏறப் போன வழிகள்

டொராண்டோவில் இருக்கும் உறவினர் ஒருவர், அல்கோன்குயின் பூங்காவில் குடும்பத்தோடு துடுப்புப் படகில் நாலு நாள் சுற்றியதைப் பற்றி நீளமாக மெயில் அனுப்பியிருந்தார். அதில் முக்கால்வாசி படகு ஏறும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த கதைதான்! படகு விட்ட கதை கடைசி நாலு வரியில் முடிந்துவிட்டது. அந்த ஏரிக்கரைகளுக்கு முதலில் ஆட்களைக் கொண்டுபோனது 1890-களில் வந்த ரயில். 'கனூ லேக்' என்றே ஒரு ஸ்டேஷன் இருந்தது. டாம் தாம்சன் என்ற ஓவியர் 1912-ல் அங்கே போனார், 1917-ல் அதே ஏரியில் இறந்தார். சாலை வந்தது 1930-களில். 1959-ல் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

படித்ததும் ஒரு கேள்வி. நாம் இருக்கும் தாணேயிலும் ரயில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. இங்கே படகு ஏற எப்படிப் போனார்கள்?

முதலில் பெயர். நம்மூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் ஒருமுறையாவது "தானே வந்த ஊரா?" என்று கடிப்பார்கள் :-) பழைய பெயர் ஸ்தானகம். அந்த 'ஸ்தான'த்திலிருந்துதான் இந்தியில் காவல் நிலையத்துக்குத் 'தாணா' என்ற பெயர் வந்தது. நம்ம ஊரில் போலீஸ்காரரை டாணாக்காரர் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். ஆக, நமக்கு அவ்வளவு அந்நியமான பெயர் இல்லை.

இனி தண்ணீர். உல்லாஸ் ஆறு தாணே அருகே வரும்போது ஒரு கிளை மேற்கே வசாய் பக்கம் போகிறது. இன்னொரு பக்கம் தெற்கே தாணே கழிமுகம் மும்பைத் துறைமுகம் வரை நீள்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட சால்செட் தீவில்தான் முலுண்ட், பாண்டுப், செம்பூர் எல்லாம். அதனால் தாணேக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கடல் வாசல். கல்யாணும் அப்படித்தான். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' குறிப்பில் கல்யாண் 'கல்லியேனா' என்று வருகிறது. அதே குறிப்பில்தான் முசிறியும் நம் சோழமண்டலக் கரைத் துறைகளும் வருகின்றன. சென்னை மெயிலில் வந்து அதிகாலையில் பெட்டிகளோடு கல்யாணில் இறங்குகிறோமே, அந்த ஊர் தமிழ்க் கரையோடு ஒரே புத்தகத்தில் இடம்பிடித்து இத்தனை காலம் ஆகிவிட்டது.

13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ ஒரு வேடிக்கை எழுதுகிறார். தாணே ராஜாவுக்கும் கடற்கொள்ளையருக்கும் ஓர் உடன்படிக்கை. பிடிபடும் கப்பலில் குதிரை இருந்தால் ராஜாவுக்கு, மற்றதெல்லாம் கொள்ளையருக்கு! அதே மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றியும் சொல்கிறார். கப்பல் கப்பலாகக் குதிரை வாங்குகிறார்களாம், பார்த்துக்கொள்ள ஆள் தெரியாமல் சாகவிடுகிறார்களாம். குதிரைக்காக ஏங்கிய ராஜாக்கள் இரண்டு கரையிலும் இருந்திருக்கிறார்கள். தினமும் டிராபிக்கில் நின்று திட்டுகிறோமே கோட்பந்தர் ரோடு, அந்தப் பெயருக்கே குதிரைத் துறை என்றுதான் பொருள் சொல்வார்கள். 'பந்தர்' என்றால் பாரசீகத்தில் துறைமுகம். கல்யாணப் பந்தலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் :-)

1321-ல் நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் ஹோர்முஸில் கப்பல் ஏறினார்கள். போக வேண்டிய ஊர் கொல்லம். கப்பல் கொண்டுவந்து விட்டதோ தாணேயில். இங்கேயே கொல்லப்பட்டார்கள். சிறிது காலம் கழித்து வந்த ஒடோரிக் என்ற துறவி, ஹோர்முஸிலிருந்து 28 நாளில் தாணே வந்தார். அவர் வந்த கப்பலில் இரும்பு ஆணியே கிடையாது, கயிற்றால் தைத்தது. இறந்தவர்களின் எலும்புகளை எடுத்துக்கொண்டு கொல்லத்துக்குக் கப்பல் ஏறினார். பின்னர் தோமையார் கல்லறை இருக்கும் கரை வரை போனார். அதாவது நம்ம மயிலாப்பூர்! தாணே டு மயிலாப்பூர், 700 வருஷத்துக்கு முன்னால், ரிசர்வேஷன் இல்லாமல்.

ஆங்கிலேயர் காலத்திலும் படகுதான் முதல் வண்டி. 1830-ல் போர்காட் சாலை திறந்த பிறகும், பம்பாயிலிருந்து புனே போகிறவர் முதலில் பன்வேலுக்குப் படகில் போய், அங்கிருந்துதான் மலைச்சாலை பிடித்தார்.

இதை மாற்றியது ரயில். 1853 ஏப்ரல் 16 மாலை, 14 பெட்டிகளில் சுமார் 400 பேரோடு முதல் பயணிகள் ரயில் 34 கி.மீ. ஓடி தாணே வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆனால் அது கிளம்பிய இடத்தின் பெயரைக் கவனியுங்கள்: போரி பந்தர். ஒரு பந்தரில் கிளம்பி, கழிமுகத்தின் கரையில் இருக்கும் இன்னொரு துறையில் வந்து நின்றது. 1854-ல் பாலம் கட்டித் தண்ணீரைத் தாண்டி கல்யாண் போனார்கள். 1858-ல் புனே பக்கப் பாதையும் தயார். நடுவில் மலையில் மட்டும் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் போக வேண்டும். 1863-ல் அந்த இடைவெளியும் போயிற்று. 1871-ல் ராய்ச்சூரில் சென்னைப் பாதை வந்து சேர்ந்தது. நம்மவர்கள் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் வந்த வழி அதுதான்.

கனடாவில் ரயில் ஜனங்களைத் தண்ணீருக்கு அழைத்துப் போனது. தாணேயில் தண்ணீரைத் தாண்டி அழைத்துப் போனது. தாண்டிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துறைகள் வெறும் ஸ்டேஷன் பெயர்களாகவும் ரோட்டுப் பெயர்களாகவும் ஆயின. தாணே கிழக்கில், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற சேந்தணி கோலிவாடாவின் மீனவர்களுக்குத்தான் அது கடைசி வரை கடலாக இருந்தது. மற்றவர்களுக்குச் சாக்கடை. ஆலைக் கழிவும் ஊர்க் கழிவும் அதற்குள்தான் போயின.

இன்று திரும்ப ஒரு வழி திறந்திருக்கிறது. 2015-ல் கழிமுகத்தின் ஒரு பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தாணேயிலிருந்து வாஷி போகும் ரயிலில் ஐரோலியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்துக்குப் போக வேண்டும். படகு நேரம் கடிகாரத்தைப் பார்த்து இல்லை, ஓதத்தைப் பார்த்து. தண்ணீர் ரொம்ப வற்றினால் படகு சேற்றில் மாட்டும், ரொம்ப ஏறினால் பூநாரைகள் மேயும் சேறு மூழ்கிவிடும். இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். சீசன் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மே வரை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் பிள்ளைகள் தாணேயில் பிறந்து வளர்ந்தும், 'கடல்' என்றால் மெரினா, திருச்செந்தூர் என்கிறார்கள். ஊர் என்பது லீவுக்குப் போகிற இடம், தாணே என்பது இடையில் இருக்கிற இடம். இருக்கிற இடத்தின் தண்ணீரைத் தெரியாதவர்களுக்கு அது போவதும் தெரியாது. சதுப்பு மரங்களை வெட்டி மண் கொட்டுவது பல வருஷமாக நடந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-ல் இடைக்காலத் தடையும் 2018-ல் இறுதித் தீர்ப்பும் கொடுத்துத் தடுக்க வேண்டியிருந்தது. அதே 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. மழைத் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பது அன்று வீட்டுக்கு நடந்தே வந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் அடுத்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மால் வேண்டாம். ஓத நேரம் விசாரித்துக்கொண்டு ஐரோலி போங்கள். பாட்டி தாத்தா ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். அந்தத் தண்ணீர் வழியாக மயிலாப்பூர் போனவர் கதையைச் சொன்னால், அவர்களுக்கும் இந்த ஊர் கொஞ்சம் கிட்டே வரும்.