வாயில் உண்டு, வழிகாட்டி வேண்டும்

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியே நாமக்கல்லுக்குச் செல்வோர், சாலையின் இருமருங்கிலும் கல்விக்கூடங்களின் பெயர்ப்பலகைகளைக் கண்டவண்ணமே செல்வர். கல்விக்கு இத்துணை இடமளித்த சமவெளி தமிழகத்தில் வேறு உண்டோ என்று கூட எண்ணத் தோன்றும். சேலம் அரசு கலைக் கல்லூரியின் தொடக்கம் 1857 ஆம் ஆண்டைச் சார்ந்தது. 1966 இல் சேலத்தில் அரசு பொறியியற் கல்லூரி எழுந்தது. 1985 இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், அடுத்த ஆண்டில் சேலத்தில் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. 1997 இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. வாயில்களுக்குக் குறைவில்லை. அவ்வாயில்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டி யார் என்பதே நம் கேள்வி.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. தந்தையார் முட்டை வியாபாரி. மகனுக்குக் கோழிகளின் நோய்களைப் பற்றி அறிவதில் தணியாத ஆர்வம். கால்நடை மருத்துவக் கல்லூரியோ வீட்டிலிருந்து சில கல் தொலைவில். ஆயினும் பத்தாம் வகுப்பு முடிந்ததும், பெரியப்பா மகன் எடுத்த பாடப்பிரிவு என்பதற்காக வணிகவியலில் சேர்ந்துவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்த பின்னரே, உயிரியல் படியாதவனுக்கு அக்கல்லூரியில் இடமில்லை என்று தெரிந்தது. அவனுக்கு அறிவும் இருந்தது, வசதியும் இருந்தது. பதினைந்து வயதில் அருகிருந்து ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை, அவ்வளவே.

அந்த ஒரு வார்த்தை சொல்வதற்கென்றே ஆளைப் பயிற்றுவிக்கும் கலை உலகில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தோன்றியது. 1908 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் வகுத்த முறை எளியது. இளைஞன் முதலில் தன் திறமையையும் விருப்பத்தையும் குறைகளையும் அறிதல் வேண்டும். அடுத்து, தொழில்களின் தன்மையையும் அவை கேட்கும் தகுதியையும் அறிதல் வேண்டும். பின்னர் இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து அவனே முடிவு செய்தல் வேண்டும். வழிகாட்டுபவர் உடனிருந்து துணை செய்வாரேயன்றி, அவனுக்காகத் தாமே முடிவு செய்துவிட மாட்டார்.

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952 இல் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன், அடுத்த ஆண்டு அளித்த அறிக்கையில், பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலரும் தொழில் வழிகாட்டும் ஆசிரியரும் எல்லாப் பள்ளிகளுக்கும் படிப்படியாகக் கிடைத்தல் வேண்டும் என்றும், அவர்களைப் பயிற்றுவிக்க மத்திய அரசு நிலையங்கள் அமைத்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1964 முதல் 1966 வரை ஆய்வு நடத்திய கோத்தாரி கமிஷன், குறைந்த அளவாகப் பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகரேனும் வேண்டும், எளிய பணிகளில் ஆசிரியர்கள் அவருக்குத் துணை நிற்க வேண்டும் என்றது. ஏட்டில் எழுதப்பட்ட அந்த ஆலோசகரை நம் கிராமத்துப் பள்ளிகள் காணவில்லை.

இதற்கிடையே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மாணவன் தலையில் முன்னதாகவே ஏறிவிட்டது. 1978 இல் தமிழகத்தில் கல்லூரியின் புகுமுக வகுப்பு போய், பள்ளியில் மேல்நிலை வகுப்பு வந்தது. அது முதல் பத்தாம் வகுப்பை முடித்த சிறுவனும் சிறுமியுமே எதிர்காலத்தின் பாதியைத் தீர்மானிக்க வேண்டியவராயினர். 1984 இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2007 இல் அது நீங்கியது. 2017 முதல் மருத்துவத்திற்கு நீட் தேர்வு வந்தது. விதி மாறும்போதெல்லாம் விவரம் அறிந்த குடும்பம் தப்பித்தது. அறியாத குடும்பம் தடுமாறியது.

வழிகாட்டி இல்லாத இடத்தை மதிப்பெண் பிடித்துக்கொண்டது. நாமக்கல் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகளை நாடி வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெற்றோர் வந்தனர். அப்பள்ளிகளின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அவற்றால் உயர்ந்தனர். ஆனால் மதிப்பெண் வண்டியின் வேகத்தைச் சொல்லுமேயன்றி, வண்டி போக வேண்டிய ஊரைச் சொல்லாது. மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017 இல் தமிழக அரசு நிறுத்தியது இவ்வுண்மையை உணர்ந்த செயலே.

முதலியார் கமிஷன் கேட்டதன் ஒரு பகுதி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. 2022 மார்ச் முதல் நாள் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ், அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் பயிற்சி அளிக்கப்பட்டது. அவ்வாண்டே ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் நடைபெற்றன. இது வரவேற்கத்தக்க தொடக்கம். எனினும் கணக்கும் வேதியியலும் கற்பிக்கும் ஆசிரியரே எஞ்சிய நேரத்தில் வழிகாட்டியாகவும் இருப்பது போதாது. படிப்புகளின் பட்டியலைச் சொல்வதற்குச் சில நாள் பயிற்சி போதும். மாணவன் வாய்விட்டுச் சொல்லாததைக் கேட்பதற்கும், பெற்றோரின் அச்சத்தைப் பொறுமையுடன் தீர்ப்பதற்கும் நீண்ட பயிற்சியும் தனி நேரமும் வேண்டும்.

நம் சமுதாயத்திற்கு இஃது இன்றியமையாத தேவை. 2007 ஆம் ஆண்டின் சட்டத்தால் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைத்தது. ஆனால் சாதிச் சான்றிதழை உரிய காலத்தில் முறைப்படி பெறாதவனுக்கு அதனால் என்ன பயன்? குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு உரிய கட்டணச் சலுகையை அறியாமல் கடன் வாங்கியோரும் உண்டு. கடையோ, லாரித் தொழிலோ, வெளிநாட்டு வேலையோ எதுவும் இழிவன்று. ஹலாலான உழைப்பு அனைத்தும் மேன்மையுடையதே. வேறு வழி உண்டென்று அறிந்து அவற்றைத் தேர்ந்தால் அது தேர்வு. அறியாமல் அவற்றில் விழுந்தால் அதற்கு வேறு பெயர். பெண்மக்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ‘பன்னிரண்டாவது போதும்’ என்று வீட்டில் சொல்லப்படும் சொல்லுக்கு, பள்ளியிலிருந்து மதிப்புடன் மறுமொழி கூற ஒருவர் வேண்டும். அவர் ஓர் ஆசிரியையாக இருந்தால் அச்சொல் வீட்டிற்குள்ளும் செல்லும்.

மஷூரா நம் மார்க்கம் வற்புறுத்திய ஒழுக்கம். ‘ஷூரா’ என்ற பெயரிலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் உண்டு. நிக்காஹ்வுக்கும் நிலம் வாங்குவதற்கும் நாலு பேரைக் கலந்து பேசும் நாம், பிள்ளையின் பாடப்பிரிவை மட்டும் விண்ணப்பப் படிவம் நிரப்பும் அன்று காலையில் தீர்மானிக்கிறோம். ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்து நிலைபெற்ற ஆசிரியரும் பொறியாளரும் மருத்துவரும் இருக்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவருவதற்கு முன்பே, ஜமாஅத்தார் இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளை ஒதுக்கி, பிள்ளைகளையும் தாய்மார்களையும் அழைத்து, இவர்களை உட்கார வைத்தால் போதும். முதலில் பிள்ளை பேசட்டும், பெரியோர் கேட்கட்டும். பிறகு, எந்தப் பாடம் எந்த வாயிலைத் திறக்கும், எதை மூடும் என்று எடுத்துச் சொல்லட்டும். பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பின் அவரையும் அழைக்கலாம்.

அரசு முழுநேர வழிகாட்டிகளை நியமிக்க வேண்டும் என்று நாம் கேட்பதில் நியாயம் உண்டு. அதுவரை காத்திருப்பதில் நியாயம் இல்லை. அந்த முட்டை வியாபாரியின் மகன் இன்று கணக்கெழுதிப் பிழைக்கிறான். குறை ஒன்றும் சொல்வதில்லை. அவன் தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் அவகாசம் உண்டு. அதற்குள் அவளிடம் உன் விருப்பம் என்னவென்று கேட்க ஒருவரேனும் முன்வர வேண்டும். அல்லாஹ் அருள் புரிவானாக!