நெல்லிக்கனியும் தடுப்பூசியும்

அதியமான்கோட்டையில் வாழும் நமக்கு, அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாறு பள்ளிப் பருவத்திலேயே பழக்கமானது. அக்கனியின் பயனைத் தன்னுள் மறைத்துக்கொண்டே அவன் அதனைக் கொடுத்தான். ஔவையும் உண்டார். கொடுத்த கையின்மீது அவருக்கு நம்பிக்கை இருந்தது.

2021இல் அரசு நீட்டிய தடுப்பூசிக்கு அந்த நம்பிக்கை எளிதில் வாய்க்கவில்லை. நம் சமுதாயத்திற்கு அதில் ஒரு தனி வருத்தமும் உண்டு. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் மாநாட்டுக்குச் சென்று வந்தவர்களைக் காட்டி, நோய்க்கே மதச் சாயம் பூசினார்கள். குணமடைந்த தப்லீக் சகோதரர்கள் பலர் பின்னர் பிறருக்காகப் பிளாஸ்மா தானம் செய்தார்கள். பழி பரவிய வேகத்தில் அச்செய்தி பரவவில்லை. நேற்றுப் பழித்தவர்கள் இன்று ஊசியோடு வரும்போது தயக்கம் எழுவது இயல்பே.

அத்தயக்கத்தின்மேல் வதந்தியும் ஏறியது. தடுப்பூசியில் பன்றிக் கொழுப்பு கலந்துள்ளதாம்! இங்கே செலுத்தப்பட்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் கிடையாது. அவ்வாறு இருப்பினும், உயிர்காக்கும் தேவை கருதி அனுமதி உண்டென ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா மன்றம் 2020 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது.

இதனை அந்நியர் பொருளென எண்ணுவோர் பழைய வரலாற்றைப் பார்க்க வேண்டும். அம்மை குத்தும் முறையை உஸ்மானியத் துருக்கியில் கண்ட ஆங்கிலச் சீமாட்டி மேரி மாண்டகு, 1717இல் அதைப்பற்றிக் கடிதம் எழுதி, 1721இல் லண்டனில் தம் மகளுக்கே குத்தச் செய்தார். அதனைப் பாவமென மறுநூற்றாண்டிலன்று, மறு ஆண்டிலேயே கண்டித்துப் பிரசங்கித்தவர் ஓர் ஆங்கிலப் பாதிரியார்! ஜென்னரின் தடுப்புமருந்தும் பக்தாத், பஸ்ரா வழியாகவே பம்பாய்க்கு வந்து, 1802 ஜூன் 14 அன்று இந்தியாவில் முதன்முறையாக ஒரு குழந்தைக்குப் போடப்பட்டது.

தமிழகத்தில் நம்பிக்கையை மிகவும் அசைத்தது நடிகர் விவேக்கின் மறைவு. 2021 ஏப்ரல் 15 அன்று, மக்கள் அஞ்சக்கூடாதென்றே சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் நாள் அதிகாலை மாரடைப்பால் இறந்தார். மருத்துவர்கள் அன்றே தொடர்பில்லை என்றனர். எவர் கேட்டார்? தேசிய ஆய்வுக்குழு அதனை உறுதிசெய்த செய்தி வந்தது அக்டோபரில்தான். ஆறு மாதம் என்பது அச்சத்திற்கு மிக நீண்ட அவகாசம். இதில் அரசின் தாமதத்தை நாம் குறைகூறவே செய்வோம்.

இதற்கிடையே மே மாதம் வந்தது. ஜனாஸாவுக்கு ஆள் கூடமுடியாத நாட்கள் அவை. பல ஊர்களில் நம் இளைஞர்கள் எல்லா மதத்தாரின் உடல்களையும் அடக்கம் செய்தார்கள். செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்திற்கும் மேற்பட்ட ஊசிகள் தமிழகத்தில் போடப்பட்டன. ஆய்வுக்குழுவின் முடிவு அன்று வெளிவந்திருக்கவில்லை.