கோட்டுக்கும் ஓர் இலக்கணம்

உங்கள் தெருவில் புதிதாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தால், சற்று நின்று, மேஸ்திரியின் கையிலிருக்கும் தாளை எட்டிப் பாருங்கள். அதில் சில கோடுகள் தடிப்பாக இருக்கும். சில மயிரிழைபோல் மெலிந்திருக்கும். சில கோடுகள் விட்டு விட்டுச் செல்லும். வேறு சில, ஒரு நீளக் கோடு, ஒரு புள்ளி, மீண்டும் ஒரு நீளக் கோடு எனச் சங்கிலிபோல் தொடரும். அந்தப் படத்தை வரைந்தவரை மேஸ்திரி ஒருநாளும் பார்த்திராமல் இருக்கலாம். ஆயினும் எது சுவர், எது தலைக்கு மேலே வரும் பரண் என்பதை அவர் ஐயமின்றிச் சொல்லிவிடுவார்.

இது எப்படி இயலுகிறது? மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோட்டுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. இன்று இக்கோடுகளைப் பெரும்பாலும் கணிப்பொறியே வரைகின்றது. ஆனால் இலக்கணத்தை வகுத்தது கணிப்பொறி அன்று. பேனாவும், தாளும், நகலெடுக்கும் வேதிப்பொருள்களும், நம் கண்ணின் இயல்பும் சேர்ந்து வகுத்தவை அவ்விதிகள். அவை உருவான வரலாற்றைக் காண்போம்.

அறுத்துப் பார்த்த வீடு

வீட்டின் தரைப்படம் என்பது உண்மையில் ஒரு வெட்டுத்தோற்றம் ஆகும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, சன்னல்களின் ஊடாக, வீட்டைக் கிடைமட்டமாக அறுப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேற்பகுதியை நீக்கிவிட்டு, மேலிருந்து கீழே நோக்கினால் தெரிவதே தரைப்படம்.

அறுபட்ட சுவர்களைத் தடித்த கோட்டால் காட்டுகிறார்கள். அதற்குக் கீழே தெரியும் படி, மேடை முதலியவற்றுக்கு மெல்லிய கோடு. நீக்கப்பட்ட மேற்பகுதியில் இருக்கும் உத்தரம், பரண் ஆகியவற்றுக்கு விட்டு விட்டு வரும் துண்டுக்கோடு. தூண்களின் மையங்களை இணைப்பதற்குச் சங்கிலிக்கோடு.

ஆகவே கோட்டின் தடிப்பும் வகையும் வெறும் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. மேலே வரவேண்டிய உத்தரத்தின் துண்டுக்கோடு தொடர்கோடாக அச்சாகிவிட்டால், தரையில் ஒரு படி இருப்பதாகக் கொத்தனார் எண்ண நேரிடும். தாளில் ஏற்பட்ட பிழையைத் திருத்த அழிப்பான் போதும். செங்கல்லில் ஏற்பட்ட பிழையைத் திருத்தக் கடப்பாரை வேண்டும்!

வண்ணம் போய்க் கோடு வந்தது

பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் (1746–1818) மெசியேர் நகரத்து இராணுவப் பொறியியற் பள்ளியில் பணியாற்றியபோது, கோட்டை அமைப்புகளைத் திட்டமிடுவதற்கு ஒரு வடிவியல் முறையைக் கண்டார். ஒரு பொருளைச் செங்குத்தான இரு தளங்களில் வீழ்த்திக் காட்டும் இம்முறை நெடுநாள் இராணுவ இரகசியமாகவே காக்கப்பட்டது. 1795-இல் பாரிசில் மோன்ஜ் அதனை வெளிப்படையாகப் போதித்தார். 1799-இல் நூலாகவும் வெளிவந்தது. பொறியியல் வரைபடத்தின் அடிப்படை இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரைபடங்கள் பல, வண்ணம் தீட்டப்பட்டவை. செங்கல்லுக்குச் சிவப்பு, பித்தளைக்கு மஞ்சள், தேனிரும்புக்கு நீலம் என்று பொருளுக்கேற்ற வண்ணம் பூசினார்கள். ஒவ்வொரு நகலையும் கையாலேயே வரைந்து, கையாலேயே வண்ணமிட வேண்டும்.

1842-இல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் ஓர் எளிய நகல்முறையைக் கண்டார். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகிய இரண்டின் கரைசலைத் தாளில் பூசி உலர்த்த வேண்டும். ஒளி படும் இடத்தில் கரையாத நீல நிறப்பொருள் உண்டாகும். கோட்டின் நிழல் விழுந்த இடத்தில் உப்பு நீரில் கரைந்து போய்விட, அங்கே தாளின் வெண்மை தெரியும். நீலத்தில் வெள்ளைக் கோடு! இதுவே 'புளூபிரிண்ட்'. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இது வரைவுக்கூடங்களில் பரவியது.

இந்த நகலில் வண்ணத்துக்கு இடமில்லை. சிவப்பும் மஞ்சளும் இங்கே செல்லுபடி ஆகா. எனவே வண்ணம் சொன்ன செய்தியைக் கோடே சொல்ல வேண்டியதாயிற்று. வெட்டுப்பட்ட பரப்பைச் சாய்கோடுகளால் நிரப்புவதும், பொருளுக்கொரு கோட்டமைப்பைக் கையாள்வதும் இவ்வாறே வலுப்பெற்றன. மெல்லிய மங்கலான கோடு நகலில் மறைந்துவிடும் என்பதால், கோடுகள் தெளிவாகவும் கருமையாகவும் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் ஏற்பட்டது.

பேனாவுக்குள் √2

அக்கால வரைவாளரின் பேனா இரண்டு உலோக அலகுகளைக் கொண்டது. இடையில் மை நிற்கும். ஒரு திருகைத் திருப்பினால் இடைவெளி மாறும்; கோட்டின் தடிப்பும் மாறும். இன்று வரைந்த தடிப்பே நாளையும் வரும் என்பதற்கு உறுதியில்லை. 1953-இல் ஜெர்மனியின் ராட்ரிங் நிறுவனம் 'ராப்பிடோகிராஃப்' என்னும் குழாய்முனைப் பேனாவை வெளியிட்டது. ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரே தடிப்பு. தடிப்பு, கைப்பழக்கத்திலிருந்து எண்ணுக்கு மாறியது.

அந்த எண்கள் எவை? 0.18, 0.25, 0.35, 0.50, 0.70, 1.00 மில்லிமீட்டர். 1982-இல் பன்னாட்டுத் தர நிறுவனம் (ஐ.எஸ்.ஓ.) வெளியிட்ட 128-ஆம் எண் தரநூலில் இவ்வரிசை இடம்பெற்றது. 1988-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் மாணவர்களுக்கென வெளியிட்ட எஸ்.பி. 46 என்னும் பொறியியல் வரைபட நூலும் இதனைப் பின்பற்றியது.

இவ்வெண்களில் ஒன்றை அதற்கு முந்தைய எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 1.4, அதாவது இரண்டின் வர்க்கமூலம்! இவ்விகிதம் தாளிலிருந்து வந்தது. நீளத்துக்கும் அகலத்துக்கும் √2 விகிதமுள்ள தாளை இரண்டாக மடித்தாலும் அவ்விகிதம் மாறாது என்பதை 1786-இலேயே ஜெர்மானியப் பேராசிரியர் லிக்டன்பர்க் ஒரு கடிதத்தில் சுட்டிக்காட்டியிருந்தார். 1922-இல் ஜெர்மனி இதனைத் தாளின் தரமாக ஏற்றது. நீங்கள் நாள்தோறும் கையாளும் ஏ4 தாள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஏ3 தாளில் உள்ள படத்தை ஏ4 தாளுக்குச் சுருக்கினால், நீளங்கள் யாவும் 1.414-ஆல் வகுபடும். 0.50 மி.மீ. கோடு 0.35 ஆகும், 0.35 மி.மீ. கோடு 0.25 ஆகும். சுருக்கிய படத்தில் திருத்தம் செய்ய வேண்டுமானால் அதற்குரிய பேனா பெட்டியில் தயாராக இருக்கும்! மைக்ரோஃபிலிமில் படங்களைச் சுருக்கிச் சேமித்து, வேறு அளவில் பெருக்கியெடுத்த காலத்தில் இது பெரும் வசதியாயிற்று.

இதில் உளவியலும் உண்டு. ஒரு தூண்டலின் மாற்றம் நமக்குப் புலப்பட வேண்டுமானால், அம்மாற்றம் முதலிலிருந்த அளவுக்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்திலாவது இருக்கவேண்டும் என்பது வெபர் விதி. கண் வேறுபாட்டைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை, விகிதத்தையே உணர்கின்றது. தடித்த கோடு மெல்லிய கோட்டைப்போல் குறைந்தது இருமடங்கு இருக்கவேண்டும் என்று அத்தரநூல் விதித்தது. பேனா வரிசையில் இரண்டு படி தாண்டினால், √2 × √2 = 2; இருமடங்கு கிடைத்துவிடுகிறது.

கணிப்பொறி பிடித்த பேனா

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தில் ஐவன் சதர்லாந்து, திரையில் ஒளிப்பேனாவால் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலைப் படைத்தார். 1982-இல் வெளிவந்த 'ஆட்டோகேட்' சிறு கணிப்பொறிகளிலும் வரைவதற்கு வழி செய்தது. ஆனால் படத்தைத் தாளில் இறக்கியது, உண்மையான மைப் பேனாவைப் பிடித்து நகர்ந்த 'பிளாட்டர்' பொறிதான். திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பாகத் தெரிந்தன. ஆகவே, 'சிவப்புக் கோட்டுக்கு முதல் பேனா, மஞ்சளுக்கு இரண்டாம் பேனா' என்று நிறத்தின் வழியே தடிப்பை நிர்ணயித்தார்கள். புளூபிரிண்ட் விரட்டிய வண்ணம், வேறொரு வேலைக்குத் திரும்பி வந்தது!

ஆனால் எந்த நிறத்துக்கு எந்தப் பேனா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபாடு இருந்தது. ஓரிடத்தில் வரைந்ததை வேறிடத்தில் அச்சிட்டால், சுவர் மெலிந்து தரைக்கல் தடித்துவிடும். 1999-இல் வந்த 'ஆட்டோகேட் 2000' கோட்டுக்கே நேராகத் தடிப்பைத் தரும் வசதியை அளித்தது. அதன் பட்டியலைத் திறந்தால் 0.18, 0.25, 0.35, 0.50 எனும் பழைய பேனாக்கள் வரிசையாக நிற்கக் காணலாம். நிறவழி முறையும் இன்னும் வழக்கொழியவில்லை.

துண்டுக்கோட்டின் கதை இன்னும் சுவையானது. அதனை விவரிக்கும் கோப்பில் 12.7, −6.35 என்ற எண்கள் இருக்கும். மிகை எண் என்றால் பேனாவைத் தாளில் வைத்து இழு; குறை எண் என்றால் தூக்கிக்கொண்டு நகர் என்பது பொருள். பேனா மறைந்த பின்னும் அதன் அசைவு எண்ணாக வாழ்கின்றது.

இங்கேதான் ஆபத்தும் உள்ளது. வீட்டை முழு அளவில் வரைந்து, 1-க்கு 100 என்ற அளவில் அச்சிடுவதாகக் கொள்வோம். 6.35 மி.மீ. இடைவெளி தாளில் 0.06 மி.மீ. ஆகிவிடும். முப்பது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நல்ல கண் பிரித்தறியக்கூடிய இடைவெளி ஏறத்தாழ 0.09 மி.மீ. ஆகவே இடைவெளி மறைந்து, துண்டுக்கோடு தொடர்கோடாகத் தெரியும். உத்தரம் படியாகிவிட்டது! கோட்டமைப்பின் அளவை நூறு மடங்காக்கினால் குறை தீரும். அச்சு அளவுக்கேற்ப இதனைத் தானே சரிசெய்யும் வசதியும் பின்னர் வந்தது. எனினும் அதனை முறையாக அமைத்து வைப்பவர் மனிதரே.

கணிப்பொறி தவறாமல் வரையும். ஆனால் தான் வரையும் கோடு யாருக்கு என்ன சொல்கிறது என்பது அதற்குத் தெரியாது. மாணவ நண்பர்களே! நீங்கள் கணிப்பொறியில் ஒரு படம் வரைந்தால், திரையைப் பார்த்து நிறைவு கொள்ளாதீர்கள். ஒரு தாளில் அச்சிட்டு, கையெட்டும் தூரத்தில் பிடித்து, படிக்கப்போகும் கொத்தனாரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.