எங்கிருந்தும் வராத பணம்

மாண்ட்காமரி பஸ் புறக்கணிப்புன்னு சொன்னா உடனே ரெண்டு பேர் ஞாபகத்துக்கு வருவாங்க. இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ், அப்போ 26 வயசே ஆன போதகர் மார்ட்டின் லூதர் கிங். எனக்கு இருந்த கேள்வி வேற. 381 நாள் பஸ் ஏறாம இருந்தாங்களே, பெட்ரோல் காசு யார் குடுத்தது?

அலபாமா மாநிலத்துல 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் கைதானார். 5ஆம் தேதி கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சர்ச்ல கூட்டம். உள்ளே இடமில்லாம ஆயிரக்கணக்கான பேர் வெளியே ஒலிபெருக்கில கேட்டுக்கிட்டு நின்னாங்க. புறக்கணிப்பைத் தொடர்றதுன்னு முடிவாச்சு.

சரி, மறுநாள் வேலைக்கு எப்படிப் போறது? கறுப்பின டாக்ஸிக்காரங்க பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏத்திக்கிட்டுப் போனாங்க. குறைஞ்சபட்சக் கட்டணம் 45 சென்ட்னு சட்டத்தைக் காட்டி நகர நிர்வாகம் அதைத் தடுத்துடுச்சு. அப்புறம் சுமார் 300 கார்களைத் திரட்டினாங்க. சர்ச்சுகள் பேர்லயே ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி ஓட்டினாங்க. 'உருளும் சர்ச்சுகள்'னு அதுக்குச் செல்லப்பேர். உள்ளூர் இன்ஷூரன்ஸ் ரத்தானதும் லண்டன் லாயிட்ஸ் வரைக்கும் போய்ப் பாதுகாப்பு வாங்கினாங்க.

இதுக்கெல்லாம் வெளியூர் சர்ச்சுகள், அமைப்புகள்ல இருந்தும் பணம் வந்தது. ஆனா எனக்குப் பிடிச்ச கணக்கு ஜார்ஜியா கில்மோரோடது. ஹோட்டல் சமையல்காரி. கூட்டத்துக்கு வர்றவங்களுக்குக் கோழி சாண்ட்விச் செஞ்சு வித்தார். அப்புறம் கேக், பை, முழுச் சாப்பாடு. கூட இருந்த பெண்கள்ல பலர் வெள்ளைக்காரங்க வீட்டுல சமையலும் துணி வெளுப்பும் செஞ்சவங்க. போராட்டத்துக்கு உதவறது தெரிஞ்சா வேலை போயிடும். அதனால குழுவுக்கு வச்ச பேரே 'எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்'. பணம் எங்கிருந்து வந்ததுன்னு யாராவது கேட்டா, 'எங்கிருந்தும் இல்லை'ன்னு பொய் சொல்லாமலே சொல்லலாம் :-) ஒவ்வொரு வாரமும் சர்ச் கூட்டத்துல கில்மோர் எழுந்து தொகையை அறிவிப்பார். ஊரின் இன்னொரு பக்கம் இனெஸ் ரிக்ஸ் இதே மாதிரி ஒரு குழு நடத்தினார். யார் அதிகம் வசூல்னு ரெண்டுக்கும் போட்டி வேற!

1956 மார்ச்சில் கிங் மேல நடந்த வழக்குல, பஸ் டிரைவர் தன்னை நடத்தின விதத்தைக் கில்மோர் கோர்ட்ல சொன்னார். வேலை போச்சு. வீட்டையே சாப்பாட்டுக்கடை ஆக்கிட்டார். கிங்கும் மத்த தலைவர்களும் அங்கேதான் சாப்பிட்டு ஆலோசனை பண்ணுவாங்க.

1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதே நாள் கார் ஏற்பாட்டுக்கு உள்ளூர் கோர்ட்ல தடை! உத்தரவு கைக்கு வந்த டிசம்பர் 20 வரைக்கும் நடந்தே போனாங்க.

தர்மம்னா இருக்கறவன் இல்லாதவனுக்குப் போடறதுன்னு நினைக்கிறோம். இங்க இல்லாதவங்களே போட்டு, தங்களுக்கான நியாயத்தைத் தாங்களே வாங்கினாங்க. பேர் மட்டும் போட்டுக்கலை.

கில்மோர் 1990ல் இறந்தார். செல்மா நடைபயணத்தோட 25ஆம் ஆண்டு நினைவுக்கு வர்றவங்களுக்காகச் சமைச்சு வச்சிருந்தார். அந்தச் சாப்பாட்டைத்தான் துக்கத்துக்கு வந்தவங்களுக்குப் பரிமாறினாங்க.